பிடி என்றால் விடு

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று உங்கப்பா வந்து சொல்லிவிட்டார். மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போனவர், திரும்பும்போது ஓசூரில் இறங்கி உன் பட்டறைக்கு வந்தாராமே. லாரிக்கு அடியில் படுத்திருந்த நீ எழுந்து வந்தபோது வாயில் ஒரு பீடியும் காதிடுக்கில் ஒரு பீடியும் இருந்ததாம். அப்பாவைப் பார்த்தும் நீ கீழே போடவில்லையாம். இத்தனை வருஷத்தில் அவர் எதிரே நீ பீடி பிடித்து அவர் பார்த்ததில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு ஆவுதுப்பா" என்று நீயே சொன்னாயாம். ரெண்டு கட்டு என்றால் ஐம்பது பீடி. அப்புறம் ரத்னா எங்கே என்று கேட்டதற்கு நீ சொன்னதை அவர் அப்படியே வந்து ஒப்பித்தார். "சத்தியத்த முறிச்சிட்டேன்பா. அவ தலையில கை வெச்சுப் பண்ணது. பக்கத்துல வெச்சுக்கினா அவளுக்கோ வயித்துல இருக்கறதுக்கோ எதனா ஆயிடும். அதான் அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டேன்." ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சியை, வளைகாப்புக்கூடப் போடாமல், தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். எப்போது கூட்டி வருவாய் என்று கேட்டாராம். "இனிமே ஒண்ணு பிடிச்சா என்ன, அம்பது பிடிச்சா என்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாயாம்.

உங்கப்பா இதைச் சொல்லும்போது நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். முதலில் என் மனதில் என்ன வந்தது தெரியுமா? ஐயோ என் பிள்ளை என்று வரவில்லை. அந்தப் பெண் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டு தவிக்கிறாளே என்றும் வரவில்லை. 'பார், அவளாலும் இவனைத் திருத்த முடியவில்லை' என்றுதான் வந்தது. ஒரு நொடி வயிறு குளிர்ந்துபோயிற்று. பெற்றவளுக்கு இப்படியும் தோன்றுமா என்று நீ கேட்பாய். தோன்றியது, கண்ணு. அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் முதல் சத்தியம் உனக்கு நினைவிருக்கும். கிருஷ்ணகிரியில் பட்டறைக்குத் தொழில் பழகப் போக ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட் மூலையில் பீடித்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் வாயில் கொய்யா இலை வாசம் அடிக்கும். எந்தப் பிள்ளையடா பசிக்குக் கொய்யா இலை தின்கிறது? உன்னைப் பிடித்து இழுத்து உன் கையை என் உச்சந்தலையில் வைத்து, "இனிமே தொட மாட்டேன்னு சொல்லு, தொட்டா உங்கம்மா உசுரோட இருக்க மாட்டா" என்று சொல்ல வைத்தேன். நீ பதினோரு நாள் தாங்கினாய். பன்னிரண்டாம் நாள் டூரிங் சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று பிடித்தாய். ஒன்றோடு நின்றிருந்தால் என்ன? நிற்கவில்லை. சத்தியம்தான் போய்விட்டதே, இனி எதற்குக் கையைக் கட்டிக்கொள்வது என்று அன்றைக்கே ஒரு கட்டை முடித்துவிட்டு வந்தாய். இதை நீயே பின்னால் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாய்.

எப்போது அழுதாய் என்றும் எழுதிவிடுகிறேன். எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து கிடந்தேனே, அப்போது. என் காலடியில் உட்கார்ந்து, "என்னாலதாம்மா, நான் பீடி பிடிச்சதாலதான்" என்று தேம்பினாய். தெருவில் பாதிப் பேருக்கு அதே காய்ச்சல். உன் பீடிக்கும் என் காய்ச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேனா? சொல்லவில்லை. நீ அழுதது எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு உயிர் என்று கம்பளிக்குள் படுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். காய்ச்சல் விட்டதும் மறுபடி உன் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவை முறித்தபோதும் நீ முன்னைவிட அதிகம் பிடித்தாய். அரைக் கட்டில் இருந்தவன் ஒரு கட்டுக்குப் போனாய். உன்னைத் திருத்துகிறேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? வெற்றிலையோடு புகையிலை போடாமல் எனக்குப் பொழுது விடியாது என்று உனக்குத் தெரியாதா? நீ மூன்றாவது தடவை முறித்த வருஷம், நானும் மாரியம்மன் கோவிலில் சூடம் அடித்து, இனிமேல் புகையிலை தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி நீட்டினாள், ஒரு துணுக்கு வாயில் போட்டேன். சாமி குற்றம் வந்தாகிவிட்டது, துணுக்குக்கு வந்தாலும் அதுதான், முழுசுக்கு வந்தாலும் அதுதான் என்று அன்று சாயங்காலம் ஒரு முழுப் புகையிலையையும் தீர்த்தேன். தலை சுற்றி வாந்தி எடுத்தேன். பித்தம் என்று உங்களிடம் சொன்னேன். என் வயிற்றில் பிறந்தவன் நீ, உனக்கு மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

அப்புறம்தான் ரத்னா வந்தாள். நம் ஆட்கள்தான், ஆனால் அத்திப்பள்ளிப் பக்கம், மைசூர் சீமை, வீட்டுப் பேச்சு கன்னடம். உங்கப்பா மாங்காய் வியாபாரத்தில் நாலு பாஷை பேசுவார். நான் சிங்காரப்பேட்டையில் பிறந்தவள், எனக்குத் தமிழை விட்டால் வேறு ஒன்றும் வராது. கல்யாணமான கையோடு ஓசூர்ப் பட்டறையில் உனக்கு வேலை கிடைத்துத் தனிக்குடித்தனம் போனீர்கள். பொங்கலுக்கு வந்தபோது உன்னைக் கவனித்தேன். நாள் முழுக்க நீ ஏழெட்டு முறைதான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாய். உன் சட்டையை முகர்ந்து பார்த்தேன், பழைய நாற்றம் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். யாரிடம் சத்தியம் பண்ணினாய் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

நீ யாரிடமும் பண்ணவில்லை. சாயங்காலம் நானும் அவளும் கொல்லையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். நீ வந்தாய். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "இன்னிக்கு எத்தினி?" என்றாள். நீ "ஏழு" என்றாய். "நேத்து எட்டுதானே? சரி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நீ ஒரு மொச்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். கண்ணு, என் கையில் மொச்சை அப்படியே நின்றுவிட்டது. பத்து வருஷம் என்னிடம் கொய்யா இலை மென்றுகொண்டு வந்தவன், வந்து நாலு மாதமான ஒருத்தியிடம் கணக்காக எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போகிறான். நீ பீடி குறைத்தது எனக்கு வலிக்கவில்லை. அவளிடம் ஒளிக்காமல் இருந்தாயே, அதுதான் வலித்தது. எனக்கு அவள் மேல் பொறாமை. இந்த வார்த்தையை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

எப்படியம்மா குறைத்தான் என்று கேட்டதற்கு, காலையில் கட்டைப் பிரித்து ஒரு பீடி எடுத்து டப்பாவில் போட்டுவிடுவாளாம். வாரம் போனால் இன்னொன்று. சில நாள் நீ டப்பாவையே திறந்து எல்லாவற்றையும் பிடித்துவிடுவாயாம். "அன்னிக்கு என்ன பண்ணுவே?" என்றேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன் அத்தே. அடுத்த நாள் மறுபடி எடுத்து வெப்பேன்" என்றாள். இது ஒரு வைத்தியமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அது பலித்துக்கொண்டிருந்தது.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தீர்களே, அந்த நாளைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். காலையில்தான் ரத்னா முழுகாமல் இருக்கிறாள் என்று என்னிடம் சொன்னீர்கள். நீ சிநேகிதர்களோடு தேர் பார்க்கப் போய்விட்டு மத்தியானம் முகம் தொங்கித் திரும்பி வந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். "எத்தினி?" என்றாள். "பன்னண்டு" என்றாய். அவள் உடனே, "ஹோக்லி பிடி" என்றாள். என் காதில் 'பிடி' என்றுதான் விழுந்தது. கரண்டியோடு வெளியே வந்தேன். "என்னாடி இது, பன்னண்டு பிடிச்சிட்டு வந்தவன இன்னும் பிடின்னு சொல்றியா? நீ பொண்டாட்டியா, பீடிக்கடைக்காரியா?" என்று கத்தினேன். அவள் மிரண்டு போனாள். உங்கப்பாதான் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, அவங்க பேச்சுல பிடின்னா விடுன்னு அர்த்தம். போனாப் போவுது விடுங்கன்னு சொல்றா" என்றார். நம் பாஷையில் பிடித்துக்கொள் என்பதுதான் அவர்கள் பாஷையில் விட்டுவிடு என்பதாம். அவளும் சிரித்தாள். நீதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாய். பன்னிரண்டு பீடி பிடித்துவிட்டு வந்த குற்றம் உன் முகத்தில் துளிகூட இல்லை. என் எதிரே முறித்துவிட்டு வந்த ஏழு தடவையும் நீ அழுதாய். அவள் எதிரே சிரிக்கிறாய்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி அதையே பிடித்துக்கொண்டேன். "விடுன்னுதானே சொல்றா? அப்ப முழுசா விடட்டும். என்ன அரையும் குறையுமா?" என்று உன்னைச் சாமி படத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம் அத்தே, ஆணையெல்லாம் வேணாம். இன்னிக்கு ஒரு நாள்தான் இப்பிடி, நேத்து வரைக்கும் நாலுதான்" என்று அவள் கெஞ்சினாள். நான் உன் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்தேன். என் தலை அங்கேயேதான் இருந்தது, என் தலையில் வைத்திருக்கலாம். அவள் தலையில் ஏன் வைத்தேன்? என் தலையில் வைத்ததை ஏழு தடவை முறித்தவன், இவள் தலையில் வைத்ததையும் முறிக்கட்டும், அப்போதாவது இவளும் நானும் ஒன்று என்று ஆகட்டும் என்றுதான். அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தே செய்தேன். உன்னிடம் இதை மறைத்துக்கொண்டு நான் கட்டையில் போக முடியாது.

நீ பத்தொன்பது நாள் தாங்கினாயாம். இருபதாம் நாள் ஒரு லாரி டிரைவர் பற்றவைத்துக் கையில் கொடுத்ததை நினைவில்லாமல் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டாயாம். உடனே கடைக்குப் போய் ஒரு முழுக் கட்டு வாங்கினாயாம். உங்கப்பா சொல்லும்போது எனக்கு அந்த டூரிங் கொட்டகைதான் கண்ணில் வந்தது. நாலு பீடிக்கு இறங்கியிருந்தவனை நான் பிடித்துச் சத்தியத்தில் ஏற்றி, அங்கிருந்து ஐம்பதில் தள்ளிவிட்டேன்.

நான் படிக்காதவள், உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பத்தொன்பது நாள் எங்கே போயிற்று? இரண்டு இழுப்பு அதை அழித்துவிடுமா? அந்த நாட்களில் நீ பிடிக்காமல் விட்ட பீடியை யாராவது வந்து இப்போது உன் நெஞ்சுக்குள் புகையாக ஊத முடியுமா? சோறு வடிக்கும்போது ஒரு கை சோறு கீழே கொட்டிவிட்டால் பானையையே கவிழ்த்துவிடுகிறோமா? நாம் இரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். முழுசாக விட்டால்தான் விட்டது, ஒன்று தொட்டால் எல்லாம் தொட்டது என்று நினைத்து, ஒன்றிலிருந்து ஐம்பதுக்கு ஒரே நாளில் ஓடினோம். ஒன்றிலேயே நின்றுகொள்ள நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வந்தவளை நான் சந்தி சிரிக்க வைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். திருவிழா முடிந்து நீங்கள் கிளம்பின அன்று, ரத்னா என்னிடம் வந்து, "அத்தே, பொயலைய சொல்ப சின்னதாக் கிள்ளுங்க" என்றாள். சொல்ப என்றால் கொஞ்சம். நம் பேச்சில் சொற்பம் என்றால் கணக்கில் சேராத அற்பம் என்றுதான் அர்த்தம். எனக்கே வைத்தியமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் போனதும், இவளால் முடிகிற காரியம் என்னால் முடியாதா என்று ஒரு வெறி. யாருக்கும் தெரியாமல் புகையிலையைப் பாதியாகக் கிள்ள ஆரம்பித்தேன். உங்கப்பாவோடு சண்டை வந்த அன்று ஒரு கை அள்ளிப் போட்டேன். மறுநாள் வெட்கத்தோடு மறுபடி பாதி. இப்போது காலையில் போடுவதில்லை. மத்தியானமும் சாயங்காலமும் இருக்கிறது. எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை. பொறாமையில் தொடங்கினதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பொறாமையில் தொடங்கினாலும் புகையிலை குறைந்துதான் இருக்கிறது.

நேற்று நானும் உங்கப்பாவும் பஸ் ஏறி இங்கே அத்திப்பள்ளிக்கு வந்தோம். பஸ் ஓசூரில் நின்றபோது உங்கப்பா இறங்கலாமா என்றார். நான் வேண்டாம் என்றேன். முதலில் அவளைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். வயிறு நன்றாகத் தெரிகிறது, முகம் மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறது. முற்றத்தில் ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்தாளாமே, அதைப் பார்த்துத்தான் சத்தியம் பலித்துவிட்டது என்று நீ பயந்துபோய் அவளை அனுப்பினாய் என்றாள். வெயிலில் துணி துவைத்துவிட்டு எழுந்தால் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தலை சுற்றும். உன்னைச் சுமந்தபோது நான் இரண்டு தடவை கிணற்றடியில் விழுந்திருக்கிறேன். அப்போது யாரும் எந்தச் சத்தியத்தையும் முறித்திருக்கவில்லை.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறியட்டும் என்று நினைத்துத்தான் அவள் தலையில் உன் கையை வைத்தேன் என்றுகூடச் சொன்னேன். அவள், "எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தே" என்றாள். "தெரிஞ்சுமா தலையக் குடுத்துக்கினு நின்னே?" என்றேன். "உங்க முன்னாடி அவரு கைய நான் தட்டி விட்டிருந்தா, நீங்க சாவற வரைக்கும் மறந்திருப்பீங்களா?" என்று கேட்டாள். மறந்திருக்க மாட்டேன். "சத்தியம் பண்ணப்புறம் என்கிட்ட எண்ணிக்கை சொல்றதையே நிறுத்திட்டாரு. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. வேற எதுவும் எனக்கு வருத்தமில்ல" என்று சொல்லும்போது மட்டும் அவள் கண் கலங்கிற்று. என்னிடம் ஒளித்த மாதிரி அவளிடமும் உன்னை ஒளிக்க வைத்துவிட்டேன். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது, அவளும் நானும் ஒன்றாகிவிட்டோம். எனக்கு அது வேண்டாம், கண்ணு.

அந்தச் சத்தியத்தைக் கேட்டு வாங்கியவள் நான். நீயாகப் பண்ணவில்லை. வாங்கினவளே திருப்பித் தருகிறேன், இனி அது உன்னுடையது இல்லை. ஏதாவது குற்றம் உண்டென்றால் அது என் தலைக்கு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொன்னபோது ரத்னா, "என் தலைக்கு ஒண்ணும் ஆகல அத்தே, பேன் மட்டும்தான் பிடிச்சிருக்கு" என்று சிரித்தாள். அவள் அம்மா இப்போதுதான் ஈருகோலோடு உட்கார வைத்திருக்கிறாள்.

நீ ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறாய் என்பதை மட்டும் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளே கேட்டாள். ஐம்பது என்றேன். அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், இனி அந்த மனுஷன் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள், "அம்பதா? அப்ப நாளைக்கு நாப்பத்தொம்பது. எண்ணிக்கினு ஞாயித்துக்கெழமை வந்து என்னைக் கூட்டிப் போகச் சொல்லுங்க" என்றாள்.

பெற்ற நாளிலிருந்து உன்னை வைத்திருக்கிறேன், எனக்கு இந்த ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எரியட்டும். உங்கப்பா நாளைக் காலை பஸ்ஸில் ஓசூரில் இறங்கி இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கேதான் இருக்கிறேன். கொய்யா இலை மென்றுகொண்டு வராதே. வந்ததும் எத்தனை என்று அவளிடம் சொல். அதற்கப்புறம், உனக்கு மனசு வந்தால், என்னிடமும் சொல்.

உன் அம்மா